மலையில் ஓர் ஒத்திகை

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

இம்மேடையில் ஆண்டுதோறும் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் புலவர் பெருமக்கள் பேசக் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். நானோ பள்ளி இறுதி வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டவன். பார்சல் அலுவலகத்தில் எழுத்தர். ஆதலின் என்னைப் பேசுமாறு செயலாளர் பணித்தபோது பெரிதும் தயங்கினேன். "இலக்கியம் வேண்டாம் ஐயா, ஓட்டத்தைப் பற்றிப் பேசுங்கள். அன்று மலையில் நடந்ததைப் பற்றிக் காலனியில் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். இன்னது நடந்தது என்று நீங்களே சொல்லிவிட்டால் நல்லது" என்றார். அதன் பொருட்டே நிற்கிறேன்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வரை நம் காலனி வாயிலில் ஞாயிறுதோறும் விடியற்காலையில் ஓடுவதற்கு இருபது பேர் கூடுவோம். இன்று ஏழு பேர் கூடுகிறோம். எஞ்சிய பதின்மூவரில் பெரும்பாலோர் வீட்டாரின் சொல்லுக்குக் கட்டுப்பட்ட பிள்ளைகள். அந்தப் பெற்றோர்மீது எனக்குச் சிறிதும் வருத்தம் இல்லை. ஆயினும் அவர்கள் முழுச் செய்தியையும் கேட்ட பிறகு முடிவு செய்ய வேண்டும் என்பது என் விருப்பம்.

முதலில் எதற்காக மலைக்குச் சென்றோம் என்பதைச் சொல்ல வேண்டும். தென்னாப்பிரிக்காவில் டர்பன் துறைமுகத்திற்கும் உள்நாட்டில் உயரத்தில் அமைந்த பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கும் இடையே ஆண்டுக்கொரு முறை நடைபெறுவது காம்ரேட்ஸ் ஓட்டம். பெரும்பாலும் ஓராண்டு கடற்கரையிலிருந்து மேல்நோக்கியும் மறு ஆண்டு மேலிருந்து கடற்கரைக்கும் ஓடுவர். தூரம் ஏறத்தாழ 86 முதல் 90 கிலோமீட்டர். மராத்தான் என்பது 42 கிலோமீட்டரும் சற்று மிகையும். அதைப்போல் இரு மடங்கு என்று கொள்ளுங்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும். நேரம் நிறைந்ததும் துப்பாக்கி வெடிக்கும். வெடிப்பவர் ஓடி வருபவர்களுக்கு முதுகைக் காட்டி நிற்பார். கோட்டுக்கு இரண்டடி தொலைவில் தவிப்பவரின் முகத்தைக் கண்டால் கை தாழ்ந்துவிடும் அல்லவா?

இவ்வோட்டத்தை ஏற்படுத்தியவர் நம் இனத்தவர். தமிழர் என்று சொல்லவில்லை. ரெயில்வேக்காரர் என்று சொல்கிறேன். விக் கிளாப்பம் என்னும் அவர் தென்னாப்பிரிக்க ரெயில்வேயில் எஞ்சின் ஓட்டுநர். முதல் உலகப் போரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் வெயிலில் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் நடந்து திரும்பியவர். உடன் சென்று மடிந்த தோழர்களுக்குக் கல்லில் நினைவுச் சின்னம் வேண்டாம், அவர்கள் பட்ட பாட்டை நினைவூட்டும் ஓர் ஓட்டம் வேண்டும் என்று எண்ணினார். படைவீரர் சங்கத்தார் 1919இலும் 1920இலும் அனுமதி மறுத்தனர். விடாது கேட்டு 1921இல் அனுமதி பெற்றார்; செலவுக்கு ஒரு பவுன் கடனும் கொடுத்தார்கள். அவ்வாண்டு மே 24ஆம் நாள் 34 பேர் புறப்பட்டு 16 பேர் ஓடி முடித்தனர். வெள்ளையர் அல்லாதாருக்கும் பெண்களுக்கும் 1975 வரை முறைப்படி இடம் இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ராபர்ட் ம்ட்சாலி என்னும் ஆப்பிரிக்கர் 1935இலேயே ஓடி முடித்தார். அவர் பெயரைப் பதிவேட்டில் ஏற்றவில்லை. இன்று அவர் பெயரால் ஒரு பதக்கமே வழங்குகிறார்கள்.

தமிழருக்கும் அந்தச் சாலை அயலானதன்று. 1860 நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்னும் கப்பல் டர்பனில் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவரை இறக்கிற்று. 1893இல் காந்தியடிகள் இரவில் வண்டியிலிருந்து இறக்கிவிடப்பட்டது பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில்தான். தில்லையாடி வள்ளியம்மை சிறையிருந்து நோயுற்றதும் அந்நகரிலேயே. 1914இல் அந்நோயாலேயே மறைந்தார். நாம் வயிற்றுப்பாட்டுக்காக வட திசை வந்தவர்கள்; அவர்கள் கடல் கடந்து சென்றவர்கள். ஆகவே அந்தச் சாலையில் ஒரு முறை என் கால் பட வேண்டும் என்று பல ஆண்டுகளாக ஆசை இருந்தது. நம் ரெயில்வே பாஸ் கடலைத் தாண்டிச் செல்லாது. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கடன் பெற்றேன். என் இல்லத்தாரும் மனமுவந்து இசைந்தார். நாற்பத்தாறு வயதில் இது என்ன விளையாட்டு என்று சிலர் கேட்டனர். ஆர்தர் நியூட்டன் என்பவர் அந்த ஓட்டத்தில் முதல் முறை வென்றபோது அவருக்கு வயது 39. 1922 ஜனவரியில்தான் பயிற்சி தொடங்கினார். மே மாதம் வென்றார். பின்னும் நான்கு முறை வென்றார். வாலி ஹேவர்ட் என்னும் பெரியவர் 1989இல் தம் எண்பதாம் வயதில் அன்றைய பதினொரு மணி நேர எல்லைக்கு இரண்டே நிமிடம் முன்பாக முடித்தார். ஓய்வு பெற்ற பெரியவர்கள் முன் வரிசையில் அமர்ந்திருக்கிறீர்கள். தங்கள் தகவலுக்காகச் சொன்னேன்.

நிற்க. இத்தகைய நெடிய ஓட்டத்திற்கு முன்னால் அதற்கு ஒத்திகையாகச் சற்றுக் குறைந்த வேறொரு நெடிய ஓட்டம் ஓடுவது வழக்கம். இது நாங்கள் கண்டுபிடித்ததன்று. கேப் டவுனில் நடைபெறும் 'டூ ஓஷன்ஸ்' என்னும் 56 கிலோமீட்டர் ஓட்டம் இன்று உலகப் புகழ் பெற்றது. அது 1970இல் பிறந்ததே காம்ரேட்ஸ் ஓட்டத்துக்குப் பயிற்சியாகத்தான். கெர்தா ஸ்டெய்ன் என்னும் பெண்மணி 2019, 2023, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் முதலில் அதனையும் பிறகு இதனையும் வென்றிருக்கிறார். அமெரிக்காவின் ஆன் ட்ரேசன் அம்மையார் 1996இலும் 1997இலும் செய்தது வியப்பிலும் வியப்பு. காம்ரேட்ஸில் வென்ற பன்னிரண்டாம் நாள், கலிபோர்னியாவின் அனல் வீசும் பள்ளத்தாக்குகளில் நூறு மைல் ஓடும் 'வெஸ்டர்ன் ஸ்டேட்ஸ்' ஓட்டத்திலும் வென்றார். அவர்கள் பிறவி வேறு. நாம் பார்த்து வணங்கலாம். பின்பற்ற முயலக் கூடாது.

நம் போன்றோருக்கு ஒத்திகை ஒத்திகையாகவே இருக்க வேண்டும். இன்று மாலை நாடகம் நடிக்கப்போகும் நம் இளைஞர்கள் கடந்த மூன்று வாரமாகச் சங்கக் கூடத்தில் ஒத்திகை பார்த்தார்களே, ஒரு நாளாவது அரிதாரம் பூசிக்கொண்டார்களா? தொண்டை கிழியக் கத்தினார்களா? வசனம் மறந்த இடத்தில் நின்று, சிரித்து, மறுபடியும் தொடங்கினார்கள். அப்படி நிற்கலாம் என்பதற்காகத்தானே அதற்கு ஒத்திகை என்று பெயர்?

எங்களுக்கு வாய்த்த ஒத்திகைக் களம் நம் பூனாவைச் சூழ்ந்த சஹ்யாத்திரி மலை. புணே என்று பலகையில் எழுதியிருந்தாலும் நம் பெரியவர்கள் வாயில் அது பூனாவாகத்தானே இருக்கிறது! சிம்மகட், ராஜ்கட், தோரணா என்னும் மூன்று கோட்டைகளையும் இணைத்துச் செல்லும் ஒற்றையடிப் பாதை ஐம்பது கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. சிம்மகட் ஏறுவதற்கே ஏறத்தாழ 600 மீட்டர் உயர வேண்டும். தோரணாவின் உச்சி கடல் மட்டத்திற்கு மேல் 1,400 மீட்டர். சத்திரபதி சிவாஜி ராஜ்கட்டில் இருந்துதான் பல்லாண்டுகள் அரசாண்டார். அவருடைய தம்பியாகிய ஏகோஜி அதே நூற்றாண்டில் நம் தஞ்சையைப் பிடித்து அங்கேயே தங்கிவிட்டார். அங்கிருந்து நாம் இங்கு வந்ததைப் பெரிதாகப் பேசுகிறோம். இங்கிருந்து அங்கு போனவர்களும் உண்டு.

ஓட்டத்துக்கு வருகிறேன். மலையில் ஏற்றம்தான் கடினம் என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். நம் கர்ஜத் – லோணாவளா மலைப் பாதை 37 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிறது. மேலே வரும் வண்டிக்குப் பின்னால் 'பாங்கர்' எஞ்சின் பூட்டித் தள்ளுகிறார்கள், ஏறிவிடுகிறது. ஆனால் ரெயில்வேயில் பொறியாளர்களை அன்றுமுதல் அச்சுறுத்தியது ஏற்றமன்று, இறக்கமே. பிரேக் பிடிக்காது ஓடி வரும் வண்டியைத் தடுத்து நிறுத்துவதற்கென்றே மலைச் சரிவில் மேல்நோக்கிய தனித் தண்டவாளம் போட்டு வைத்திருக்கிறார்கள். மனிதக் காலும் அப்படியே. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே இருக்கையில் உடலின் எடையைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதனால் தசையின் நுண்ணிய இழைகள் சிதைந்து, இரண்டு நாள் மாடிப்படி இறங்க முடியாமல் வலிக்கும். ஆனால் ஒரு முறை அவ்வாறு நொந்து ஆறிய தசை அடுத்த முறை அத்தனை நோவதில்லை. அந்தக் காப்பு சில வாரங்கள் நிலைத்திருக்கும். ஆகையால்தான் பெரிய ஓட்டத்துக்கு ஐந்தாறு வாரம் முன்பாக மலையில் இறங்கிப் பழக வேண்டும் என்கிறோம்.

இனி வெயில். காம்ரேட்ஸ் நடைபெறும் ஜூன் மாதம் அந்நாட்டில் குளிர்காலம்; பின் எதற்காக வெயிலில் ஓடினீர்கள் என்று ஒரு தாயார் என்னை நேரிலேயே கேட்டார். நியாயமான கேள்வி. விடியுமுன் புறப்படும் அந்த ஓட்டத்தில் முதல்வராக வருபவர் ஐந்தரை மணி நேரத்தில் முடித்து, முற்பகலிலேயே நிழலில் அமர்ந்துவிடுவார். என்னைப் போன்றவனுக்கு உச்சி வெயிலும் பிற்பகல் வெயிலும் முழுவதுமாகச் சாலையிலேயே கழியும். வெயில் முழுவதும் மெதுவாக ஓடுபவன் தலையில்தான் விழுகிறது. மேலும் ஜூனில் ஓட வேண்டுமானால் ஏப்ரல், மே மாதங்களில்தான் பயிற்சி. நம் ஊரில் அம்மாதங்களுக்கு வெயிலைத் தவிர வேறு எது உண்டு?

உடலும் வெயிலைப் பாடம் படிக்கிறது. நாள்தோறும் ஒரு மணி நேரமாவது வெப்பத்தில் உழைத்தால், முதல் நான்கைந்து நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. இதயத் துடிப்பு அடங்குகிறது. பத்து முதல் பதினான்கு நாட்களில் வியர்வை முன்னைவிட விரைவில் தொடங்கி மிகுதியாகச் சுரக்கிறது. அவ்வியர்வையில் உப்பு குறைகிறது. அதாவது உடல் தன் உப்பைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றுக்கொள்கிறது. பழக்கத்தை விட்டுவிட்டால் மூன்று நான்கு வாரத்தில் பெரும்பாலும் மறந்துவிடுகிறது. இப்படிப்புக்குக் குறுக்குவழி இல்லை. வயலில் உழைப்பவரும், தண்டவாளத்தில் சம்மட்டி பிடிக்கும் நம் காங்க்மேன் தோழர்களும் இதை எந்தப் புத்தகமும் இல்லாமல் அறிவார்கள்.

2024 ஏப்ரல் 28, ஞாயிற்றுக்கிழமை. ஓட்டக்காரர்கள் பதினொருவர் தாமாகவே கூடிச் செய்த ஏற்பாடு அது, பந்தயம் அன்று. நம் காலனியிலிருந்து நால்வர். விடியற்காலை நான்கரைக்குக் கைவிளக்குடன் சிம்மகட் ஏறத் தொடங்கினோம். மேலே சென்றபோது கிழக்கு வெளுத்தது. மறுபுறம் இறங்கிச் சிற்றூர்கள் வழியாக ராஜ்கட்டை நோக்கிச் சென்றோம். ஒன்பது மணிக்கே பாறை சுடத் தொடங்கிற்று. அந்தப் பருவத்தில் பூனாவில் வெயில் 40 டிகிரியை ஒட்டி நிற்பது நீங்கள் அறிந்ததே. மலைச் சரிவில் காய்ந்த புல்லும் கரும்பாறையும் அன்றி நிழல் இல்லை. நான் ஏற்றங்களில் நடந்தேன். சமவெளியில் மெல்ல ஓடினேன். உப்பும் எலுமிச்சையும் கலந்த நீரையும் இரண்டு உருண்டை புளியோதரையையும் கொண்டு காலத்தை ஓட்டினேன்.

எங்களுடன் வந்த தம்பி ஒருவர் எங்கள் எல்லோரையும்விட முன்னால் சென்றுகொண்டிருந்தார். அவருடைய இசைவைப் பெற்றே இதைச் சொல்கிறேன். அவரும் இந்த அவையில்தான் இருக்கிறார். வெளியூரில் குளிர்சாதன அறையில் இரவு வேலை பார்ப்பவர். விடுமுறையில் வந்து நான்கே நாள் ஆகியிருந்தது. வருவதற்கு முன் இரண்டு நாள் காய்ச்சல் கண்டிருந்தது. அதை அவர் எங்களிடம் சொல்லவில்லை. இளமையும் கட்டான உடலும் உடையவர். பூனா மராத்தானில் என்னைவிட ஒரு மணி நேரம் முன்னதாக ஓடி முடிப்பவர்.

ராஜ்கட் அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றை நெருங்கும்போது, ஏறத்தாழ 28ஆம் கிலோமீட்டரில், அவரை எட்டிப் பிடித்தேன். எட்டிப் பிடித்ததே எனக்குச் சரியாகப் படவில்லை. பாதையின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்குமாகத் தள்ளாடி நடந்துகொண்டிருந்தார். "தம்பி, உட்காருங்கள்" என்றேன். திரும்பிப் பார்த்து, "வண்டி போய்விட்டதா மாமா?" என்றார். எந்த வண்டி என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். கையைப் பிடித்தேன், நெருப்பாய்ச் சுட்டது. சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. தோளில் தொங்கிய நீர்ப்பை பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

இந்த இடத்தில் இரண்டு செய்திகளைத் தாய்மார்கள் மனத்தில் கொள்ள வேண்டும். வெயில் தாக்கினால் வியர்வை நின்று தோல் காய்ந்துவிடும் என்றே நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். ஓடும்போதும் உழைக்கும்போதும் வருகின்ற வெப்பத் தாக்குதலில் பல சமயம் வியர்வை வழிந்துகொண்டேதான் இருக்கும். தோலைப் பார்த்து ஏமாறக் கூடாது. பேச்சைப் பார்க்க வேண்டும். புத்தி தடுமாறிவிட்டால் உடலின் உள் வெப்பம் 40 டிகிரியைக் கடந்திருக்கக்கூடும் என்று கொள்ள வேண்டும். அடுத்தது, அவ்வேளையில் முதல் வேலை வண்டி தேடுவதன்று, குளிர்விப்பது. மருத்துவமனைக்குப் போகும் வழியில் கடக்கும் அரை மணி நேரம்தான் உயிரைக் குடிக்கிறது. முதலில் குளிர்விக்க வேண்டும். பிறகு கொண்டு செல்ல வேண்டும்.

ஊரின் தொடக்கத்திலேயே மாடுகள் நீர் குடிக்கும் சிமெண்டுத் தொட்டி இருந்தது. பின்னால் வந்த இருவரும் நானும் அவரைத் தூக்கிச் சென்றோம். தொட்டியில் முழங்கால் அளவுகூட நீர் இல்லை. அங்கே நின்ற ஒரு மூதாட்டி, எங்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, மாடுகளை விரட்டினார், தம் வீட்டு வாசலில் வரிசையாக நிறைத்து வைத்திருந்த குடங்களைத் தூக்கி வந்து அவர் கழுத்திலும் மார்பிலும் கவிழ்த்தார். அக்கம்பக்கத்துப் பெண்களும் கொண்டு வந்தனர். அந்தச் சிற்றூரில் ஏப்ரல் மாதத்தில் தண்ணீர் லாரியில் வருகிறது என்பதும், அந்தக் குடங்கள் அவர்களுடைய இரண்டு நாளைக்கான நீர் என்பதும் பின்னர்தான் எங்களுக்குத் தெரிந்தது. சட்டையைக் கழற்றி, கழுத்து வரை நீரில் கிடத்தி, புடைவைத் தலைப்பாலும் முறத்தாலும் விசிறினோம். வாயில் எதுவும் ஊற்றவில்லை. நினைவு தெளியாதவருக்கு நீர் புகட்டினால் அது மூச்சுக்குழலில் செல்லும். இருபது நிமிடம் கழிந்திருக்கும். கண் திறந்து, "மாமா, இது மாட்டுத் தொட்டி அல்லவா?" என்றார். அன்று கேட்டதில் எனக்கு இனித்த சொல் அதுதான்.

பிறகு அந்த மாவ்சி எங்கள் எல்லோருக்கும் மோர் கொடுத்தார். ஒரு ஜீப் கிடைத்தது. மருத்துவமனையில் இரவு முழுதும் வைத்திருந்து இரத்தம் சோதித்து மறுநாள் அனுப்பினார்கள். சிறுநீரகத்துக்கும் ஈரலுக்கும் தீங்கு இல்லை என்றார் மருத்துவர். முதலில் குளிர்வித்ததே காப்பாற்றிற்று என்றும் சொன்னார். அடுத்த வாரம் அவரும் அவர் தந்தையாரும் நானும் அந்த ஊருக்குச் சென்றோம். மூதாட்டி பணம் வாங்க மறுத்துவிட்டார். தண்ணீர் லாரி ஒன்றுக்கு உரிய தொகையை ஊர்ப் பஞ்சாயத்தில் செலுத்திவிட்டு வந்தோம்.

நான் அன்று 28ஆம் கிலோமீட்டரிலேயே நின்றுவிட்டேன். ராஜ்கட்டும் ஏறவில்லை, தோரணாவும் ஏறவில்லை. "பாதியிலே நின்றவர் டர்பனுக்குப் போய் என்ன செய்யப்போகிறார்" என்று ஒருவர் சொன்னதாகக் காதில் விழுந்தது. மீதி 24 கிலோமீட்டரை நான் முடித்திருந்தாலும் அன்று எனக்குப் புதிதாக ஒன்றும் சேர்ந்திருக்காது. எட்டு வாரம் வெயிலில் ஓடிச் சேர்த்தது ஏற்கெனவே என் உடம்பில் இருந்தது. இறங்கும் பழக்கம்தான் குறை. அதை மே 19ஆம் நாள் ஈடு செய்தேன்: சிம்மகட்டை மூன்று முறை ஏறி மூன்று முறை இறங்கினேன். மூன்று அறுநூறு ஆயிரத்தெண்ணூறு மீட்டர். காம்ரேட்ஸின் மேல்நோக்கிய ஓட்டத்தில் மொத்தம் ஏறும் உயரமும் ஏறக்குறைய அவ்வளவே. பெரிய ஓட்டத்தை ஒரு நாளும் பாதியில் விடலாகாது என்று எண்ணுபவன் ஒத்திகையைப் பாதியில் விடத் தெரிந்திருக்க வேண்டும். அந்த உரிமை இல்லாவிட்டால் அது மற்றொரு பந்தயமாகிவிடும். உடம்பு இரண்டு பந்தயத்துக்கும் வட்டி கேட்கும்.

2024 ஜூன் 9ஆம் நாள், டர்பனில் இருட்டு விலகுமுன் ஆயிரக்கணக்கானோர் நடுவே நின்றேன். நாட்டுப் பண்ணுக்குப் பின் 'ஷோஷோலோசா' என்னும் பாட்டைப் பாடினார்கள். சுரங்க வேலைக்காக நீராவி வண்டியில் அயல் நாட்டிலிருந்து வந்த கூலித் தொழிலாளர் பாடிய பாட்டாம் அது. பொருள் தெரியாவிட்டாலும் ரெயில்வேக் காலனியில் வாழும் புலம்பெயர்ந்தவனுக்கு அதில் ஏதோ தெரிந்தது. பிறகு சேவல் கூவும் ஒலி, உடனே துப்பாக்கி.

அவ்வோட்டத்தைப் பற்றி விரித்துச் சொல்ல நேரம் இல்லை. நாடகக் குழுவினர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். கவீஸ், ஃபீல்ட்ஸ், போத்தாஸ், இன்சாங்கா, பாலி ஷார்ட்ஸ் என்று ஐந்து பெரிய ஏற்றங்கள். கடைசி ஏற்றம் முடிவுக்கு ஏழெட்டுக் கிலோமீட்டர் முன்பாக, கால் ஓய்ந்த நேரத்தில், ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு எழுந்து நிற்கிறது. வழிநெடுக நீரைச் சிறு பிளாஸ்டிக் உறைகளில் தருகிறார்கள். பல்லால் கடித்துக் குடிக்க வேண்டும். உப்பிட்ட உருளைக்கிழங்கும் உண்டு. கண்ட இடமெல்லாம் நீர் குடித்தால் அதுவும் கேடு. உடலுக்கு மிஞ்சிய நீர் இரத்தத்தின் உப்பைக் கரைத்து மூளையை வீங்கச் செய்யும். இதனை டிம் நோக்ஸ் என்னும் மருத்துவர் இந்த ஓட்டத்தில் ஓடியவர்களிடம் கண்டுதான் 1985இல் உலகுக்கு எழுதினார். தாகத்துக்குக் குடி, தாகத்துக்கு மேல் குடியாதே என்பதே இன்று சொல்லப்படும் முறை. பிற்பகல் வெயில் இன்சாங்காவுக்கு அப்பால் முகத்தில் அடித்தது. என் அருகே ஓடிய ஓர் ஐரோப்பியர் அதைக் கொடிய வெயில் என்றார். எனக்கோ அது நம் ஊர் மாசி மாத வெயிலாகத்தான் பட்டது.

11 மணி 24 நிமிடத்தில் முடித்தேன். பதினொன்றுக்கும் பன்னிரண்டுக்கும் இடையே முடிப்பவர்களுக்கு ஒரு செம்பு நிறப் பதக்கம் கொடுக்கிறார்கள். அதன் பெயர் விக் கிளாப்பம் பதக்கம்; எஞ்சின் ஓட்டுநரின் பெயர். அதைவிட உயர்ந்த பதக்கங்கள் பல உண்டு. ஆனால் பார்சல் எழுத்தன் ஒருவனுக்கு அவற்றில் எது பொருத்தம் என்று நீங்களே சொல்லுங்கள்!

இப்போது காலனிச் செய்தி. அன்று மலையில் தடுமாறிய தம்பி, ஆறு வாரம் ஓய்ந்திருந்து, மருத்துவரின் இசைவு பெற்று மீண்டும் ஓடுகிறார். எங்கள் குழுவில் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறோம். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டு பத்து நாள் ஆகாதவர் நீண்ட ஓட்டத்துக்கு வருவதில்லை. குளிர்ந்த இடத்திலிருந்து வந்தவர் இரண்டு வாரம் வெயிலில் பழகிய பின்பே மலைக்கு வருகிறார். எவரும் தனியே முன்னால் செல்வதில்லை. பத்து நிமிடத்துக்கொரு முறை பேச்சுக் கொடுக்கிறோம். நின்றுவிட்ட ஒருவரை ஏன் நின்றாய் என்று எவரும் கேட்பதில்லை. நடுப்பகல் ஓட்டத்துக்கு ஒரு ஜீப்பும், பனிக்கட்டியிட்ட பெட்டி இரண்டும், தார்ப்பாய் ஒன்றும் உடன் வருகின்றன. தார்ப்பாயின் நான்கு மூலைகளையும் தூக்கிப் பிடித்தால் அதுவே தொட்டி. பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைகளுக்குக் காலனிச் சுற்றுப் பாதை மட்டும், மலை இல்லை. இவ்வளவு போதுமா என்று பெற்றோர் கேட்டால், போதாது என்பவர்கள் எது வேண்டும் என்று சொல்லுங்கள், சேர்த்துக்கொள்கிறோம். அச்சத்தை நான் குறை சொல்லவில்லை. அன்று தொட்டியின் விளிம்பில் நின்றபோது எனக்கும் அச்சமே இருந்தது.

பதக்கத்தைச் சங்க நூலகத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்திருக்கிறேன். பழைய ஒரு ரூபாய் நாணயம் அளவுதான் இருக்கும்; இத்தனை தூரத்துக்கு இவ்வளவுதானா என்று குழந்தைகள் கேட்கிறார்கள். வேண்டுவோர் நூலகரிடம் சாவி வாங்கித் தொட்டுப் பார்க்கலாம். ஞாயிறு காலை ஐந்தரை மணிக்குக் காலனி வாயிலில் கூடுகிறோம். பெற்றோர்களும் வந்து நின்று பார்க்கலாம். உடன் நடக்கவும் செய்யலாம்.